ஆயு போவான்

22 ஆகஸ்ட் 1982, ஞாயிறு

டிவி வந்துவிட்டது. அப்பா அதை வீட்டில் வைக்கவில்லை, ஸ்டுடியோவில் வைத்திருக்கிறார். வீட்டில் வைத்தால் நாங்கள் மட்டும்தான் பார்ப்போமாம். ஸ்டுடியோவில் வைத்தால் ஊர் பார்க்கும், பார்த்த கையோடு ஒரு பாஸ்போர்ட் சைஸ் படமும் எடுத்துக்கொள்ளும் என்பது அப்பாவின் கணக்கு.

ஸ்டுடியோவின் பெயர் ஒளி ஸ்டுடியோ. போன மழையில் 'ளி'யின் தலையில் கொம்பு மாதிரி நிற்கும் வளைவு கரைந்து இப்போது 'ஒள ஸ்டுடியோ' என்று நிற்கிறது. ஔவையார் வந்தால் படம் எடுத்துக்கொள்ளலாம், வேறு யாரும் வருவதாகத் தெரியவில்லை.

மத்தியானம் முழுக்க ஆன்டெனா. மொட்டைமாடியில் நான், கீழே பியூலா அக்கா, படியில் அப்பா. மெட்ராஸ் பக்கம் திருப்பினால் திரை முழுக்கக் கொசு. "கடலுப் பக்கம் திருப்புட்டி எப்சி" என்றார் அப்பா. திருப்பினேன்.

"வந்துட்டா" என்று அக்கா கத்தினாள். "ஒரு பொம்பள வந்துட்டா."

ஓடிப்போய்ப் பார்த்தேன். சேலை கட்டிய அம்மா ஒருத்தி கை கூப்பினாள், ஒரு வார்த்தை சொன்னாள், பிறகு பேசிக்கொண்டே போனாள். ஒன்றும் புரியவில்லை. எங்கள் ஊர்க் கரையிலிருந்து மெட்ராஸைவிடக் கொழும்பு கிட்டே. அதனால் காற்றில் வருவது சிங்களம்.

"போட்டோ கண்டுபிடிச்ச புதுசுல ஒரு படத்துக்கு எட்டு மணி நேரம் காத்துக் கெடந்தாவ. இன்னைக்குக் கடலைத் தாண்டி ஒரு ஆளு நம்ம ஊருக்கே வாரா" என்று அப்பா கண் கலங்கினார்.

"வந்தவ என்ன சொல்லுதா?" என்றாள் அக்கா.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சத்தத்தைக் கூட்டினார்.

26 ஆகஸ்ட்

ஊர் கூடிவிட்டது. ஆனால் எல்லாரும் ஸ்டீபன் மாமாவைத்தான் பார்க்கிறார்கள். அவருக்குக் கொழும்பு மாமா என்று பெயர். அங்கே பெரிய ஹோட்டலில் பத்து வருஷம் மேனேஜராக இருந்துவிட்டு வந்து, இங்கே வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறார். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போதும் மேனேஜர் மாதிரியே நிற்பார்.

"என்ன மாமா சொல்லுதா அவ?" என்று கேட்டார்கள்.

மாமா தொண்டையைச் செருமினார். "இது உசந்த சிங்களம். புலவர்மாரு பேசுறது. ஹோட்டல்ல நாங்க பேசுனது வேற."

எனக்கு நாக்கு அரித்தது. "எனக்குத் தெரியும். மாமாதானே எனக்குச் சொல்லிக் குடுத்தாவ" என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார். இல்லை என்றால் மேனேஜர் பட்டம் போகும். ஆமாம் என்றால் நான் பண்டிதை. "கொஞ்சம் சொல்லிக் குடுத்திருக்கேன்" என்றார்.

அன்றைய செய்தி: கண்டியில் ஒரு யானை ரயில் ஏறப் போய், காலுக்கு ஒரு டிக்கெட் எடு என்றதால் கோபித்துக்கொண்டு நடந்தே போய்விட்டது. ஊர் அதை நம்பியது. யானை நடந்ததற்கு ஆதாரமாகத் திரையில் ஒரு மந்திரி நடந்துகொண்டிருந்தார்.

30 ஆகஸ்ட்

இலங்கைக்காரர்கள் தமிழிலும் செய்தி வாசிக்கிறார்களாம். அந்த நேரத்தில்தான் எங்கள் ஊரில் கரண்ட் போகும். கடவுள் என் பக்கம்.

முந்தாநாள் ஒருத்தர் கேட்டார்: "முதல்ல கும்பிட்டுட்டு ஆயுபோவன், ஆயுபோவன்னு சொல்லுதாளே, அது என்னட்டி?"

"ஆயு போவான். ஆயுசு போயிட்டுன்னு அர்த்தம்" என்றேன். "யாராச்சும் பெரிய மனுசன் செத்தா அப்பிடித்தான் கும்பிட்டுச் சொல்லுவாங்க."

"தெனமுமா சாவுதான்?"

"பெரிய நாடு."

உடனே எல்லாரும் எழுந்து தலை குனிந்து நின்றார்கள். அதிலிருந்து தினமும் அந்த அம்மா கை கூப்பியதும் கூட்டம் எழுந்துவிடுகிறது. செருப்பைக்கூடக் கழற்றுகிறார்கள்.

12 செப்டம்பர், ஞாயிறு

ஞாயிறு என்பதால் ஸ்டுடியோ லீவு. ஐஸ் கம்பெனி ஞானசிகாமணி மாமா வீட்டுக்கு வந்து, அவர் மகன் எட்வினுக்கும் அக்காவுக்கும் நாள் குறித்துவிட்டுப் போனார். நவம்பர் 24. கல்யாணம் முடிந்ததும் அக்கா பம்பாய் போகிறாள்.

அக்காவுக்கு ரொம்ப சந்தோஷம். எட்வின் அத்தான் பெயரைச் சொன்னாலே நெகட்டிவில் டச்சிங் பண்ணும் பென்சிலைக் கூராக்கிக்கொண்டே இருக்கிறாள். பென்சில் தீர்ந்துவிடும்.

எனக்கு ஒன்றுமில்லை. நெகட்டிவில் அம்மைத் தழும்பு எடுக்க இனி யார் என்பதுதான் கவலை. அம்மா போனதிலிருந்து எனக்குத் தலை வாரிவிடுவதும் அவள்தான், அதையும் யாராவது பார்த்துக்கொள்வார்கள்.

கண்ணில் ஹைப்போ தெறித்துவிட்டது. படத்தைக் கழுவுகிற மருந்து, ரொம்ப எரியும். இதோடு நிறுத்துகிறேன்.

13 செப்டம்பர்

பள்ளிக்கூட மேப்பில் இங்கிருந்து பம்பாய் ஒரு சாண். அளந்தது என் கையால்.

20 செப்டம்பர்

ஐஸ் மாமாவும் டிவி பார்க்க வருகிறார். படம் எடுத்துக்கொள்பவர்கள் உட்காரும் சுழல் ஸ்டூலை நடுவில் இழுத்துப் போட்டு உட்காருகிறார். தேய்த்த வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. பவுடரும் போட்டிருந்தார்.

"எதுக்கு மாமா பவுடரு?"

"அவ பாக்காளே."

அப்பா விளக்கினார். லென்ஸைப் பார்க்கிறவர் எல்லாரையும் பார்ப்பதுபோலத்தான் இருக்கும். ஸ்டுடியோச் சுவரில் மாட்டியிருக்கும் அம்மா படம்கூட அப்படித்தான், எந்த மூலையில் நின்றாலும் பார்க்கும். (அதனால்தான் ஸ்டுடியோவில் நான் எதையும் திருடுவதில்லை.)

"உள்ள போற வழி இருந்தா வெளிய வார வழியும் இருக்கும் அருள்தாஸ். நம்மகிட்ட படம் வருதுன்னா அவகிட்ட நம்ம படம் போவும்" என்றார் ஐஸ் மாமா. அப்பா சம்பந்தியிடம் வாதாடவில்லை.

இன்று அப்பா கூட்டத்தை ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தார். விளம்பரத்துக்காம். எல்லாரும் சாவுக்குத் தலை குனிந்து நிற்கும்போது எடுத்திருக்கிறார். யார் வருவார்கள் இந்த ஸ்டுடியோவுக்கு.

27 செப்டம்பர்

இன்று கூட்டத்தில் ஐஸ் மாமா சொன்னார், பம்பாய்க்கு மூட்டை முடிச்சு கட்டத் தொடங்கலாமாம். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு அக்காவை ஊருக்கு அனுப்ப முடியாதாம், அத்தானுக்கு லீவு கிடையாதாம்.

அப்போது அந்த அம்மா திரையில் கை கூப்பினாள். கூட்டம் எழுந்தது.

"இன்னைக்கு யாருட்டி?" என்றார் ஐஸ் மாமா.

"நடுவுல ஸ்டூல்ல வெள்ளச் சட்ட போட்டு உக்காந்திருக்காவல்லா, அவியளுக்கு ஆயு போவான்னு சொல்லுதா" என்றேன்.

வேறு காரணம் எதுவும் கிடையாது. வாயில் வந்தது. கல்யாண வீட்டில் சாவு விழுந்தால் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போகும் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் இங்கே எழுதியிருப்பேன்.

எல்லாரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். எல்லாரும் ஐஸ் மாமாவைப் பார்த்துத் தலை குனிந்தார்கள்.

29 செப்டம்பர்

ஐஸ் மாமா படுத்துவிட்டார்.

2 அக்டோபர்

டாக்டர் வந்து பார்த்து உடம்பில் ஒன்றும் இல்லை என்றார். "உடம்புல ஒண்ணும் மிச்சமில்லைன்னு அவளுக்கும் தெரிஞ்சிருக்கு, அதான் ஆள் குறிச்சிட்டா" என்றாராம் மாமா. கஞ்சி வேண்டாமாம். போகிறவனுக்கு எதுக்குப் பாரம்.

ஐஸ் கம்பெனியில் தன்னைக் கிடத்துவதற்கென்று ஐஸ் பாளங்களை ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டார். நடுவில் ஓட்டை இல்லாததாக, அழுக்கு நூல் ஓடாததாக. அதற்காக மீன் வண்டி ஒன்று ஐஸ் இல்லாமல் திரும்பிப் போனது.

எட்வின் அத்தானின் அம்மா வந்து அக்கா கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அவிய போற வரைக்கும் கல்யாணப் பேச்ச நிப்பாட்டி வைப்போம் தாயி. போயிட்டாவன்னா வருசம் கழியட்டும்."

அக்கா சரி என்றாள். பிறகு டச்சிங் பண்ண உட்கார்ந்தாள். பென்சில் முனை உடைந்தது. கூராக்கினாள். மறுபடி உடைந்தது.

எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை.

3 அக்டோபர்

இருட்டறையில் சிவப்பு விளக்கைக்கூடப் போடாமல் அக்கா உட்கார்ந்திருந்தாள். என்னவென்று கேட்டேன். ஹைப்போ என்றாள்.

4 அக்டோபர்

பள்ளிக்கூடம் விட்டதும் ஐஸ் மாமா வீட்டுக்குப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிவிட்டேன். "மாமா, நான் சும்மா சொன்னேன். எனக்குச் சிங்களத்துல ஒரு எழுத்துகூடத் தெரியாது. யானைகூடப் பொய்."

மாமா என் தலையில் கை வைத்தார். "பாத்தியளா பிள்ளைய. நான் மனசு நொந்து போயிரக் கூடாதுன்னு என்னமா பொய் சொல்லுதா." அங்கிருந்த பெண்கள் எல்லாரும் மூக்கைச் சிந்தினார்கள். எனக்கு ஒரு குச்சி ஐஸ் கொடுத்தார்கள்.

வாழ்க்கையில் முதன்முதலாக உண்மை சொன்னேன். சேமியா ஐஸ் கிடைத்தது.

5 அக்டோபர்

கொழும்பு மாமாவை இழுத்துக்கொண்டு போனேன். எனக்குச் சிங்களம் தெரியாது என்று அவர் சொன்னால் போதும்.

"ஸ்டீபனு, நீ அங்க இருந்த ஆளு. அந்த வார்த்தைய நீ கேட்டிருக்கியா?" என்றார் ஐஸ் மாமா.

கொழும்பு மாமா ஃபேனைப் பார்த்தார். "கேட்டிருக்கேன்."

"என்ன அர்த்தம்?"

"பிள்ள சொல்லுத மாதிரிதான் வச்சுக்கிடுங்களேன்" என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே போய்விட்டார். வாசல் வரைக்கும் நான் திட்டிக்கொண்டே போனேன், திரும்பியே பார்க்கவில்லை.

7 அக்டோபர்

அடுத்த யோசனை. அம்மா படத்தைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துப் போனேன். அப்பாவுக்குத் தெரியாது. கட்டிலின் தலைமாட்டில் பிடித்தேன், கால்மாட்டில் பிடித்தேன். "எங்க வச்சாலும் அம்மா உங்களப் பாக்கா பாருங்க மாமா. எல்லாரையும் பாக்கா. டிவிக்காரியும் அப்பிடித்தான், உங்கள மட்டும் பாக்கல."

மாமா படத்தை உற்றுப் பார்த்தார். வேர்த்துவிட்டது.

"உங்கம்மாவும் கூப்பிடுதாளாட்டி?"

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு மறுபடி ஆணியில் மாட்டினேன். அம்மா என்னையே பார்த்தாள்.

9 அக்டோபர்

ஐஸ் மாமா கடைசிப் படம் எடுக்க அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் லைட் பிடிக்கப் போனேன். எழுந்து உட்கார முடியவில்லை, முதுகில் தலையணை கொடுத்தார்கள். வெள்ளைச் சட்டை தோளிலிருந்து தொங்கியது. போன மாதம் பித்தான் போட முடியாமல் திணறிய சட்டை.

"சிரிக்கவா வேண்டாமா அருள்தாஸ்?"

"உங்க இஷ்டம் சம்பந்தி."

"கொஞ்சமா சிரிக்கேன். வாரவங்க பாவம்."

படம் எடுத்ததும் லைட்டை அப்பா கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனேன். கை வலி.

10 அக்டோபர், ஞாயிறு

அக்கா நெகட்டிவில் மாமாவின் கண்ணுக்குக் கீழே இருந்த குழியை நிரப்பிவிட்டாள். படம் பார்த்து மாமாவுக்குத் திருப்தி. மாட்டி, மாலை போட்டு, எதிரில் படுத்துக்கொண்டு பார்த்தாராம். "மால கொஞ்சம் பெருசு, மூஞ்சிய மறைக்கி" என்று சொல்லி வேறு மாலை கட்டச் சொல்லியிருக்கிறார்.

இன்றைக்குத் தண்ணீரும் வேண்டாம் என்றுவிட்டாராம்.

11 அக்டோபர்

இன்று நடந்ததைச் சரியாக எழுத வேண்டும்.

கூடுதலாகப் பிரின்ட் போட இருட்டறைக்குப் போனேன். மாமாவின் கடைசிப் படம் இருந்த அதே ரோலில் அப்பா எடுத்த டிவி கூட்டத்தின் படமும் இருந்தது. சும்மா இருக்கப் பிடிக்காமல் அதையும் பேப்பரில் போட்டு டெவலப்பர் தட்டில் நனைத்தேன். சிவப்பு வெளிச்சத்தில் முதலில் டிவி வந்தது, பிறகு தலைகள் வந்தன. எல்லாம் குனிந்த தலைகள். ஒரு ஊரே செருப்பைத் தேடுவது மாதிரி.

ஓரத்தில் கொழும்பு மாமா வந்தார்.

அவர் தலை குனியவில்லை. இடுப்பிலிருந்து அழகாக வளைந்திருந்தார். ஒரு கை நெஞ்சில். இன்னொரு கை பக்கவாட்டில் நீண்டு, இல்லாத எதையோ பிடித்துக்கொண்டிருந்தது. முகத்தில் சிரிப்பு. செத்துப் போனவருக்கு யாரும் அப்படிச் சிரிக்க மாட்டார்கள். அது வருகிறவர்களுக்கான சிரிப்பு.

படத்தைக் காயவைக்காமலே எடுத்துக்கொண்டு சைக்கிள் கடைக்கு ஓடினேன். மாமா ஒரு ட்யூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அது இழுக்குற கதவா, தள்ளுற கதவா?"

"இழுக்குற கதவு" என்றார். சொன்ன பிறகுதான் நிமிர்ந்தார்.

படத்தைக் காட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி வெகுநேரம் பார்த்தார். தட்டில் குமிழி வந்துகொண்டே இருந்தது.

"மேனேஜரு இல்லட்டி. வாசக்கதவு. கார் வந்து நின்னா கதவத் தொறந்து, குனிஞ்சு, ஆயுபோவன்னு சொல்லணும். பத்து வருசம் சொன்னேன். இன்னும் காதுல விழுந்தா உடம்பு தானா வளையுது."

"என்ன அர்த்தம்?"

"நீண்ட ஆயுசோட இருங்கன்னு அர்த்தம்."

பஞ்சர் பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா மாமா?"

"சொன்னா அடுத்து வேற என்ன தெரியும்னு கேப்பான். அந்த ஒரு வார்த்ததான்ட்டி எனக்குத் தெரியும்."

ஐஸ் மாமா தண்ணீரும் குடிக்காததைச் சொன்னேன். படத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

12 அக்டோபர்

காலையில் ஐஸ் மாமா வீட்டில் நல்ல கூட்டம். சாவுப் பாட்டுக்காகப் பாட்டுப் புத்தகமும் பிரித்தாகிவிட்டது. அப்போது அறைக் கதவு வெளியே இழுபட்டுத் திறந்தது.

வாசலில் கொழும்பு மாமா. சிவப்புக் கோட்டு, இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான், வெள்ளைக் கையுறை, தலையில் குஞ்சம் வைத்த தொப்பி. கோட்டு வயிற்றில் மூடவில்லை, நாப்தலீன் உருண்டை மணம் தெருவரைக்கும் வந்தது. ஒரு கை நெஞ்சில் வைத்து, இடுப்பை வளைத்து, "ஆயுபோவன்" என்றார்.

"வந்துட்டான்" என்று சொல்லிவிட்டு ஐஸ் மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

பெண்கள் அழத் தொடங்கிவிட்டார்கள். நான் கட்டிலில் ஏறி மாமாவின் கண் இமையை விரலால் பிரித்தேன். "அது எமன் இல்ல மாமா, நம்ம சைக்கிள் கடை மாமா."

கொழும்பு மாமா ஊர் முழுக்க நிற்கும்போது அத்தனையும் சொன்னார். கதவு, கார், குனிவது, டிப்ஸ் வாங்காதது, வாங்கியது. சொல்லும்போது தொப்பியைக் கழற்றவில்லை.

ஐஸ் மாமா ஒரு கண்ணைத் திறந்தார். "அப்போ அவ என்னப் பாத்து..."

"நீண்ட ஆயுசுன்னு வாழ்த்துனா."

"தெனமுமா?"

"தெனமும்."

இரண்டாவது கண்ணும் திறந்தது. "நடுவுல ஸ்டூல போட்டு உக்காந்து ஊருக்கு வர வேண்டியத எல்லாம் நானே வாங்கியிருக்கேனே" என்று வருத்தப்பட்டார். பிறகு கஞ்சி கேட்டார். பிறகு ஊறுகாய் கேட்டார். பிறகு என்னைத் தேடினார், நான் அதற்குள் தெருமுனையில் இருந்தேன்.

அந்தப் பாளங்களை மீனுக்குப் போடச் சொல்லிவிட்டாராம்.

கொழும்பு மாமாவைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. ஆளுக்கு ஒரு தடவை கதவைத் திறந்து சொல்லச் சொன்னார்கள். வரிசையில் நின்றார்கள்.

16 நவம்பர்

கல்யாண வேலை. ஸ்டுடியோப் போர்டில் 'ளி'க்கு நானே கொம்பு போட்டேன். கொஞ்சம் பெரிதாகிவிட்டது. தெரு முனையிலிருந்தே முட்ட வருகிறது.

அக்கா எனக்குத் தலை வாரிவிட்டாள். பின்னல் பாதியில் நிறுத்தி, "எட்டி எப்சி" என்றாள்.

"ம்."

"டிவிக்காரி என்ன சொன்னான்னு உனக்குத் தெரியாது. ஆனா அன்னைக்கு நீ என்ன சொன்னன்னு எனக்குத் தெரியும்."

நான் ரிப்பனை எடுத்துக் கொடுத்தேன். மீதிப் பின்னலையும் பின்னி ரிப்பன் கட்டினாள். வழக்கத்தைவிட இறுக்கமாக.

24 நவம்பர், புதன்

கல்யாணம். கோயில் வாசலில் கொழும்பு மாமா பித்தளைப் பொத்தானோடு நின்று, வந்தவர்களுக்கெல்லாம் ஆயுபோவன் சொன்னார். கல்யாணம் நடத்த வந்த பாதிரி ஐயருக்கும் சொன்னார். ஐஸ் மாமா ஒரு தடவை உள்ளே வந்துவிட்டு, வெளியே போய் மறுபடி வந்தார்.

அப்பா பெண்ணின் தகப்பனாகப் படத்தில் நிற்க வேண்டும். அதனால் குரூப் படம் என் பொறுப்பு. பெரிய படம் என்பதால் மூன்று கால் பழைய காமிரா, கறுப்புத் துணி. துணிக்குள் தலையை விட்டேன். அந்தக் காமிராவின் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். ஐஸ் மாமா தலைகீழாக மீசை முறுக்கினார். அப்பா தலைகீழாக நின்றார். அக்கா தலைகீழாக லென்ஸைப் பார்த்தாள். அவள் கண்ணீர் கன்னத்தில் மேல்நோக்கி ஏறியது.

"எட்டி, எவ்வளவு நேரம்? போட்டோ கண்டுபிடிச்சவனே இவ்வளவு நேரம் எடுக்கல" என்றார் அப்பா.

துணிக்குள் இருப்பவரை வெளியே இருப்பவர்கள் பார்க்க முடியாது. நல்ல கண்டுபிடிப்பு.

27 நவம்பர்

ரயில் போய்விட்டது.

30 நவம்பர்

குரூப் படத்தைப் பெரிதாகப் போட்டு அம்மாவுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினோம். இனி ஸ்டுடியோவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டு பேர் பார்க்கிறார்கள்.

சாயங்காலம் டிவி போட்டோம். கூட்டம் இல்லை. மழை. ஐஸ் மாமா மட்டும் வந்து ஸ்டூலை ஓரமாகப் போட்டு உட்கார்ந்தார். இனிமேல் அவருக்கு நடு வேண்டாமாம், போதுமான அளவு வாங்கிவிட்டாராம். அந்த அம்மா கை கூப்பி ஆயுபோவன் என்றாள். "ஆயுபோவன் தாயி" என்றார் மாமா.

செய்தி போய்க்கொண்டிருந்தது. கறுப்பு வெள்ளையில் ஏதோ பாலம், ஏதோ மாடு. அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். பம்பாயிலிருந்து இன்னும் கடிதம் வரவில்லை.

"என்ன சொல்லுதா?" என்றார் அப்பா. யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

"பியூலா அக்கா பம்பாய்க்கு நல்லபடியாப் போய்ச் சேந்துட்டாளாம்" என்றேன்.

ஐஸ் மாமா என் பக்கம் திரும்பினார். அவர் சிரிக்கவில்லை. "சரியாத்தான் சொல்லுதா" என்றார்.

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"வேற என்ன சொல்லுதா?"